நெஜாத்தி சொன்ன ஏழு மணி

ஜெயலீலாவுக்குத் துருக்கி பாஷையில் தெரிந்ததெல்லாம் மணி சொல்வது மட்டும்தான். அதில் அம்மணிக்கு இருந்த பெருமையைக் கேட்கவே வேண்டாம்! நாகர்கோவிலில் நர்ஸிங் படித்து நியூ ஜெர்சிக்கு வந்தவள். பேட்டர்சன் ஆஸ்பத்திரியில் நிறையத் துருக்கிக்காரர்கள். மாத்திரை எத்தனை மணிக்கு என்று சொல்லத் தெரியாமல் முழித்து, ஒரு நோயாளியின் மனைவியிடம் கேட்டு, அட்டையில் தமிழிலேயே எழுதி உருப்போட்டிருந்தாள்.

எண்பத்தெட்டு ஜூலையில் ஒரு பகல், ஒன்றேகால் மணிக்கு நெஜாத்தியைக் கொண்டுவந்தார்கள். சாயப்பட்டறைத் தொழிலாளி. மனைவி மக்கள் இஸ்தான்புல்லில், இவர் இங்கே தனியே. வீட்டுப் படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரைப் பார்த்து யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. பிந்திவிட்டால் பலன் குறைவு, மூளையில் ரத்தம் கசிகிற ஆபத்து மட்டும் குறையாது. அந்த வார்டில் ஆறு மணி நேரம் என்பது சட்டம்.

"சாத் கச்தா?" எத்தனை மணிக்கு வலி வந்தது என்று ஜெயலீலா கேட்டாள்.

"யெதிதே," என்றார் நெஜாத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏழு மணிக்காம் டாக்டர்!"

டாக்டர் சிவராமகிருஷ்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை ஆகப்போகிறது. "ஆறரை மணி நேரம் ஆகப்போகுதே சிஸ்டர். ரிஸ்க் எடுக்க முடியாது. வலிக்கு மட்டும் குடுங்க," என்று அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

வலிக்கு ஊசி போட்டுவிட்டு, நெஜாத்தியின் கைக்கடிகாரத்தைக் கழற்றப்போனாள் ஜெயலீலா. எட்டரை காட்டியது. நின்றுபோன வாட்ச் போல என்று பார்த்தால், நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பகீரென்றது. அவள் வீட்டுச் சமையலறையிலும் ஒரு கடிகாரம் நாகர்கோவில் மணியில்தானே ஓடுகிறது, அம்மா தூங்கிவிட்டாளா என்று பார்த்து போன் செய்ய! இஸ்தான்புல் ஏழு மணி நேரம் முந்தி. அங்கே சாயந்திரம் ஏழு என்றால், வலி வந்தது இங்கே பகல் பன்னிரண்டுக்கு.

ஆனால் நெஜாத்தி இந்த வாட்ச்சைப் பார்த்துத்தான் சொன்னாரா? தப்பானால் தன் வாயாலேயே ஒரு மனுஷனைக் கொன்றவளாவாள். சும்மா இருந்தாலும் அதே கதிதான். கர்த்தரே, நான் என்ன செய்வேன்!

குனிந்து, "சாத் கச்?" என்றாள். இப்போது மணி என்ன?

சுவர்க் கடிகாரம் அவருக்கு நேரே தொங்கியது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. கையை மெல்ல முகத்தருகே இழுத்து, "செகிஸ் புச்சுக்," என்றார். எட்டரை.

ஓடினாள். "டாக்டர், அவர் சொன்னது அவங்க ஊர் டைம்! வலி பன்னெண்டுக்குத்தான் வந்திருக்கு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"கன்ஃபார்மா சொல்றீங்களா? இல்லேன்னா ஆள் போயிடுவார்."

"கன்ஃபார்ம் டாக்டர். சார்ட்ல நானே எழுதி சைன் பண்றேன்." வாய் சொல்லிவிட்டது. சார்ட்டை இழுத்துக் கையெழுத்தும் போட்டாள்.

மருந்து ஒரு மணி நேரம் சொட்டுச்சொட்டாக ஏறியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள், கையைப் பிடித்து அழுத்தச் சொன்னாள், ஒரு கை லேசாகத் தளர்ந்தாலும் அவளுக்கு உயிர் போய் வந்தது. மூன்று மணிக்கு வலி அடங்கி நெஜாத்தி தூங்கினார். பத்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அதற்கப்புறம் ஜெயலீலா யாரிடமும் வலி எப்போது வந்தது என்று எடுத்ததும் கேட்டதில்லை. முதலில், இப்போது மணி என்ன என்பாள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர்கள் இதென்ன கேள்வி என்று சிரிப்பார்கள். சரியான மணி அவர்கள் வாயிலிருந்து வரும்வரை அவள் அடுத்த கேள்விக்குப் போகமாட்டாள்.