தோற்றவர்கள் நின்று கேட்க வேண்டும்

அயர்லாந்துக்காரரின் விளையாட்டில் அணித் தலைவிக்கு இரண்டு வேலைகள். ஆட்டத்துக்கு முன் நாணயம் சுண்டும்போது நடுவருக்குப் பக்கத்தில் நிற்பது ஒன்று. வென்றால் கோப்பையை வாங்கிக்கொண்டு பேசுவது மற்றது. முதலாவதை யாரும் செய்யலாம். இரண்டாவதில்தான் மனிதர்கள் அளக்கப்படுகிறார்கள். அந்த உரைக்கு ஒரு முறை உண்டு: முதலில் ஐரிஷ் மொழியில் ஓரிரு வரி, பிறகு நன்றிகள், கடைசியில் தோற்ற அணிக்காக மூன்று தடவை "ஹிப் ஹிப் ஹுரே". அது முடியும்வரை தோற்றவர்கள் மைதானத்தை விட்டுப் போவதில்லை. நின்று கேட்க வேண்டும்.

இந்தக் கடைசி வழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதை வைத்து ஒருத்தியிடம் கணக்குத் தீர்க்க ஓர் ஆண்டு காத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளேட்டில் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் நான். இங்கே சுவிற்சர்லாந்தின் துன் நகரத்தில், ஏரிக்கரை விடுதியொன்றின் சமையலறையில் காலைச் சாப்பாட்டுக்குப் பொறுப்பு. என்னோடு வேலை செய்த ஐரிஷ் பெண், நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்தாட்டம் ஆடியவள் என்று கேள்விப்பட்டதும் என்னைத் தன் சங்கத்துக்கு இழுத்துப்போனாள். கையாலும் காலாலும் ஆடும் 'கேலிக்' என்ற ஐரிஷ் கால்பந்து அது. கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலால் பந்து போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் மூன்று. உயரத்தில் வரும் பந்தைப் பிடிக்க எனக்குத் தெரியும். ஓடத்தான் முழங்கால் இடம்கொடுக்காது. ஆகவே வலைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

சங்கத்தின் மகளிர் பகுதியில் இரண்டு பிரிவுகள் இருந்தன, துன் ஒன்று, ஆராவ் ஒன்று. வெளியூர்ப் போட்டிகளுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே அணியாகப் போகும். அந்த அணிக்கு யார் தலைவி என்பதற்குப் பயிற்சியாளர் தன் நாடான அயர்லாந்திலிருந்து ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். அங்கே சில மாவட்டங்களில், உள்ளூர்ப் போட்டியில் வென்ற கழகம்தான் மாவட்ட அணியின் தலைவரைப் பெயரிடும். அப்படிப் பெயரிடப்பட்டவர் ஆட இடம் கிடைக்காமல் மாற்று ஆட்டக்காரர்களோடு வாங்குப் பலகையில் இருந்த கதைகளும் உண்டாம். நாங்களும் அதேபோல ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் துன்னும் ஆராவும் மோதுவோம். வென்ற பிரிவு வரும் ஆண்டின் தலைவியைப் பெயரிடும்.

அந்த ஆண்டு துன் வென்றது. துன் பிரிவு என்னைப் பெயரிட்டது.

அதை உறுதிசெய்ய ஆராவில் ஓர் உணவகத்தின் பின்னறையில் கூடினோம். ஆராவ் பிரிவுக்குத் தலைமை தாங்கியவளும் தமிழ்ப் பெண்தான். இங்கே பிறந்தவள், காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை, நடுக்களத்தில் மிக நன்றாக ஆடுவாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், பயிற்சிக்கு நான் கறி அடைத்துப் பொரித்துக் கொண்டுபோகும் ரோல்ஸை விரும்பித் தின்பாள். அவள் எழுந்து சுவிஸ் ஜேர்மனில் பேசினாள். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்; ஒரு சொல்லையும் கூட்டவில்லை. "அவள் நல்ல மனுசி. பந்து பிடிப்பாள். ஆனால் அவளுக்குப் பேச வராது. நகரசபை ஆட்களும் பணம் தருபவர்களும் நிற்கும் இடத்தில் அவள் ஒலிவாங்கியைப் பிடித்தால் வெட்கம் எங்களுக்குத்தான்."

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "அக்கா, உங்களுக்கு டென்ஷன் வேண்டாமெண்டுதான் கதைச்சனான். நீங்கள் வழமைபோலை ரோல்ஸ் கொண்டு வாங்கோ. அது காணும்."

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் செய்யும் தவறு இது. மருத்துவரிடமும் அகதி அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் பெற்றோருக்கு மொழிபெயர்த்தே வளர்ந்தவர்கள். ஆகவே நாங்கள் வாய் திறந்து தடுமாறுவதைப் பார்த்து, காதும் தடுமாறும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். விடுதிச் சமையலறையில் ஆண்டுக்கணக்காக என்னைத் திட்டியவர்கள் எல்லோரும் சுவிஸ் ஜேர்மனில்தான் திட்டினார்கள். எனக்கு எல்லாம் விளங்கும்.

கூட்டத்தில் கைகள் உயர்ந்தன. வழக்கம் மீறப்பட்டது, அவள் தலைவியானாள். என்னைக் கூட்டிவந்த ஐரிஷ் பெண் எதிர்த்துக் கத்தினாள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஓல்டனில் மாறிப் பேர்ன் வழியாகத் துன்னுக்குத் திரும்பிய ரயிலிலேயே, ஒருநாள் கோப்பையோடு பேசப்போகும் உரையின் முதல் வடிவத்தை எழுதினேன். அது மோசமான எழுத்து. கோபம் வாக்கியங்களை நீட்டிவிடும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ரயிலிலும் வேலை இடைவேளைகளிலும் அயர்லாந்தின் பழைய தலைவர்களைப் பற்றி வாசித்தேன். எனக்கு ஒரு முன்மாதிரி தேவைப்பட்டது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பழி தீர்த்த தலைவர் ஒருவராவது இருப்பார் என்று நம்பினேன். பயணச் செலவுத் தகராறில் ஊரிலேயே நின்றுவிட்டு இறுதியாட்டத்தைத் தவறவிட்ட ஒருவர் இருந்தார். புலம்பெயர்ந்து போன தன் ஊரவரை ஒவ்வொரு நாடாக நினைவுகூர்ந்து பேசி, கூடியிருந்தவர்களை அழவைத்த ஒருவர் இருந்தார். தூரத்துத் தீவொன்றில் பிறந்து சிறுவயதில் அயர்லாந்துக்கு வந்து, முழு உரையையும் ஐரிஷ் மொழியிலேயே பேசி மண்ணின் பிள்ளைகளை வாயடைக்க வைத்த ஒருவர் இருந்தார். பழி தீர்த்தவரைக் காணவில்லை. எல்லோரும் கடைசியில் தோற்றவர்களுக்காக ஹுரே சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தீவுக்காரரைப் பற்றி எங்கள் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தலைவர் எந்த மொழியில் பேசினாலும் கேட்பதுதான் மரியாதை என்றார். முன்பு எங்கள் சங்கத்தில் ஒருத்தி முழுக்கப் பிரெஞ்சில் பேசியதையும் நினைவுபடுத்தினார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

உரையை நாளேட்டுச் செய்திபோல வெட்டினேன். "துரோகம்" போயிற்று. "ஆணவம்" போயிற்று. யார், எங்கே, என்ன சொன்னாள் என்பது மட்டும் மிஞ்சியது. பயிற்சி நாட்களில் அவள் அடிப்பதையும் கவனித்தேன். வலைக்கு அருகில் வந்தால் வலப்பக்கம் பார்ப்பாள், இடப்பக்கம் தாழ்வாக உதைப்பாள். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவளுக்கு ரோல்ஸ் கொண்டுபோனேன். நன்றாக இருக்கிறதென்று இரண்டு கூட எடுத்துத் தின்றாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஆட்டம் துன்னில் நடந்தது. ஆறுதலுக்காகவோ என்னவோ, எங்கள் பிரிவு என்னைத் தலைவியாக்கியிருந்தது. முதல்நாள் மழையில் புல் நனைந்திருந்தது. நீசன் மலையின் மேல்பாதி முகிலுக்குள் இருந்தது. எங்கள் ஏரியிலிருந்து போகும் ஆரே ஆறுதான் ஆராவைத் தொட்டுப் போகிறது. அதனால் எங்கள் பெண்கள், தாங்கள் குளித்த தண்ணீரை ஆராவ்காரர் குடிப்பதாக ஆண்டுதோறும் கத்துவார்கள். அன்றும் கத்தினார்கள்.

இரண்டாம் பாதியில் அவள் என் வலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, ஈரம். கவனம், முழங்கால்!"

"நீ பந்தைப் பார் தங்கச்சி. என்ரை முழங்காலை டொக்டர் பாப்பார்."

"வயசுக்கு மரியாதை தந்து மெதுவா அடிக்கட்டோ?"

"மெதுவா அடிச்சால்தான் உனக்கு நேரா வரும்."

முடியும் நேரத்தில் நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். வலைக்குள் ஒன்று போனால் வெற்றி அவர்களுக்கு. அவள் நடுக்களத்தில் பந்தை எடுத்து, எங்கள் பெண்கள் இருவரைத் தாண்டி, தனியாக வந்தாள். வலப்பக்கம் பார்த்தாள். நான் அவளுடைய இடப்பக்கத்துக்கு விழுந்தேன். பந்து நெஞ்சில் வந்து அறைந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் கிடந்தபோது நடுவரின் விசில் கேட்டது.

கோப்பையை நகரசபை ஆள் ஒருவர் தந்தார். ஒலிவாங்கியை வாங்கினேன். தோற்றவர்கள் வரிசையாக நின்றார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றாள். மனப்பாடம் செய்த ஐரிஷ் வரிகளைச் சொன்னேன், கைதட்டினார்கள். பிறகு தமிழில் தொடங்கினேன்.

"போன வருஷம் ஆராவிலை ஒரு கூட்டம் நடந்தது. துன் என்னைத் தலைவியாச் சொன்னது. அப்ப ஒருத்தி எழும்பி, இவளுக்குப் பேச வராது, இவள் மைக்கைப் பிடிச்சால் எங்களுக்கு வெட்கம் எண்டு சொன்னாள். எனக்கு விளங்காதெண்டு நினைச்சு என்ரை முகத்துக்கு முன்னாலையே சொன்னாள். பிறகு ரோல்ஸ் கொண்டு வரச் சொன்னாள். கொண்டு வந்தனான். திண்டவள். இப்ப இந்த வரிசையிலை நிக்கிறாள். ஒண்டும் கூட்டிக் குறைச்சுச் சொல்லேல்லை. பிழை இருந்தால் அவளே திருத்தட்டும்."

நான் நிறுத்தினேன். திருத்தம் எதுவும் வரவில்லை. ஒரு சொல்லும் விளங்காத கூட்டம் அன்போடு கைதட்டியது. பயிற்சியாளரின் கண் கலங்கியிருந்தது, தீவுக்காரரை நினைத்திருப்பார்.

"தங்கச்சி," என்றேன் ஒலிவாங்கியிலேயே, "எல்லாரும் தட்டுகினம். நீயும் தட்டு."

அவளைப் பார்த்துச் சொன்னது எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கு ஏதோ வாழ்த்துச் சொல்கிறேன் என்று நினைத்து அவளுடைய அணியினரே அவள் முதுகில் தட்டினார்கள். கட்டியிருந்த கைகளைப் பிரித்துத் தட்டினாள். பிறகு ஆராவுக்காக மூன்று தடவை ஹுரே சொன்னேன். இவ்வளவு மனநிறைவோடு அதைச் சொன்ன தலைவர் அந்த விளையாட்டின் வரலாற்றில் இருந்திருக்க மாட்டார்.

பார்வையாளர் பக்கத்தை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது, தடித்த குளிர்மேலங்கியும் கையில் தேநீர்ப் போத்தலுமாக ஓர் அம்மா நேரே என்னிடம் வந்தார். அவளுடைய தாய்.

"பிள்ளை, நல்லாக் கதைச்சீர். ஆனால் உதை ஜேர்மனிலை சொல்லியிருக்கலாம். இஞ்சை விளங்கினது எங்கள் மூண்டு பேருக்கும்தான்."

"அவவுக்கு விளங்கினால் காணும் அம்மா."

"ஓம், அதுவும் சரிதான்." மகளிடம் திரும்பினார். "நீ உப்பிடிச் சொன்னனியோ?"

"அம்மா, சும்மா இருங்கோ. ஆக்கள் பாக்கினம்."

"ஆக்களுக்கு விளங்காதெல்லோ. சொல்லு. வீட்டிலை ஃபோனிலை என்னைப் பற்றி ஜேர்மனிலை கதைக்கிறதும் எனக்கு விளங்காதெண்டோ நினைச்சுக்கொண்டிருக்கிறாய்?"

அவள் முகம் வெளிறியதை அப்போதுதான் பார்த்தேன். என் உரை செய்யாததை அந்தக் கேள்வி செய்தது. அதை நான் திட்டமிடவில்லை. வருந்தவும் இல்லை. அம்மா எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். இருவருக்கும் நடுவே நின்று ஆறுதலாகக் குடித்தேன்.

இம்முறை துன் பெயரிட்டதை யாரும் மறுக்கவில்லை. தலைவியானேன். அவள் சங்கத்தை விட்டுப் போவாள் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. மாறாக, பின்களத்தில் ஆள் குறைந்தபோது எனக்கு முன்னால் வந்து நின்று காத்தாள். என்னோடு தமிழில் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். நல்ல தெளிவான ஜேர்மனில், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் இருவரையும் தாண்டிப் பந்து போவது அரிதாக இருந்தது. இது ஒற்றுமை என்று பயிற்சியாளர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வசந்தத்தில் வெளியூர்ப் போட்டியொன்றின் இறுதியாட்டம் வரை போனோம். அதில் தோற்றோம். கடைசிப் பந்து என் விரல் நுனியில் பட்டு உள்ளே போனது. எதிரணித் தலைவி கோப்பையைத் தூக்கிக்கொண்டு நீண்ட உரை நிகழ்த்தினாள். தோற்ற அணியின் தலைவியாக நான் வரிசையின் முதலில் நின்றேன். ஆராவ்காரி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அது அவளுடைய இடம் அல்ல. மற்றவர்களை விலக்கிக்கொண்டு வந்திருந்தாள். எங்களுக்காக ஹுரே சொன்னார்கள். என் கையுறைகள் ஈரமாக இருந்தன. கைகளைப் பின்னால் கட்டியிருந்தேன்.

அவள் என் காதருகே குனிந்தாள். மாதக்கணக்கில் கேட்காத தமிழ்.

"அக்கா, எல்லாரும் தட்டுகினம். நீங்களும் தட்டுங்கோ."

தட்டினேன். அவளும் தட்டினாள், என்னைவிடச் சத்தமாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.