கட்டம் தாண்டும் மிஷின்

ரிப்பனைச் சுற்றிக்கொண்டிருக்கிறார், தோட்டத்தாருக்குக் கடிதமும் மனுவும் டைப் அடித்துக்கொடுக்கும் மேவிஸ். தானா ராத்தா டவுன் கடையில் விற்பதெல்லாம் ஆபீஸ் டைப் மிஷின்களுக்கான ரிப்பன். அது சுற்றி வரும் சக்கரம் இவருடைய மிஷினில் உட்காராது. அதனால் புது ரிப்பனைக் கழற்றிப் பழைய சக்கரத்தில் கையாலேயே ஏற்ற வேண்டும். முடிப்பதற்குள் பத்து விரலும் கறுத்துப்போகும். அந்தக் கையோடு மூக்கைச் சொறிவது வேறு வழக்கம். ஒரு ஞாயிறு பூசைக்கு மீசையோடு போன கதையைத் தோட்டமே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

சீமைக்குத் திரும்பிய துரையின் மனைவி விட்டுப்போன மிஷின் அது. எந்த நாட்டுச் சரக்கோ, அதைப்போல இன்னொன்றை இந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. கடிதம் அடித்தால் முத்து முத்தாக விழும். அரசாங்கப் பாரம், அந்தக் கட்டம் போட்ட படிவம் என்றால்தான் வம்பு. பாரத்துக் கட்டங்கள் ஆபீஸ் மிஷின்களுக்கு அளவெடுத்தவை. இதன் வரி இடைவெளியோ ஓர் இழை அதிகம். முதல் மூன்று வரி ஒழுங்காக இருக்கும். ஐந்தாவதில் எழுத்து கோட்டை மிதிக்கும். எட்டாவதில் கீழ்க் கட்டத்துக்கே இறங்கிவிடும்.

கொழுந்து எடுக்கும் வேலாயியின் பாரம் அப்படித்தான் இரண்டு முறை திரும்பி வந்தது. வேலாயியிடம் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு, குடியுரிமை இல்லை. வேலை பெர்மிட்டுக்கான மனு வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

"கட்டத்துக்கு வெளிய இருந்தா வாங்க முடியாதுலா. எல்லாரும் வச்சிருக்க மிஷின்ல அடிச்சிட்டு வாங்க" என்று டவுன் ஆபீஸ் கிளார்க் விஜயன் சொல்லி அனுப்பிவிட்டார்.

மேவிஸ் தன் மிஷினைக் காட்டிக்கொடுக்க மாட்டார். "நாந்தான்க்கா தப்பா அடிச்சிட்டேன்" என்றுதான் வேலாயியிடம் சொன்னார். பிறகு வெட்கத்தை விட்டுத் தோட்டத்து ஆபீஸ் மிஷினைக் கேட்டுப் பார்த்தார். "வெளியாளு தொட்டா தொரை என் சீட்டக் கிழிச்சிருவாரு தங்கச்சி" என்று அங்கே கணக்கெழுதும் கிராணி அய்யாசாமி கைவிரித்துவிட்டார்.

இன்று வியாழன். மிச்சம் இருப்பது ஒரே ஒரு பாரம். மேவிஸ் வரிக்கு வரி உருளையைக் கையாலேயே மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, குனிந்து பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக அடிக்கிறார். வேலாயி பக்கத்தில் நின்று இருமலைக்கூட அடக்கிக்கொள்கிறார்.

"பேசுங்கக்கா, ஒண்ணும் ஆவாது."

"வேணாம்லா. என் மூச்சுக்காத்து பட்டு காயிதம் நவுந்திரும்."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு வரியும் அடங்கிவிட்டன. ஓர் எழுத்துகூடக் கோட்டைத் தொடவில்லை. காகிதத்தை உருவும்போதுதான் அடியில் இருக்கும் சின்னக் கட்டம் உறைக்கிறது. கைநாட்டு வைக்கும் இடம். முந்தைய இரண்டு பாரத்திலும் வேலாயியின் ரேகை கட்டத்துக்கு வெளியே வழிந்துதான் இருந்தது. எழுத்தைப் பார்த்தே திருப்பியவர்கள் அந்தக் கட்டம்வரை பார்க்கவில்லை. நாளைக்குப் பார்ப்பார்கள்.

முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய கட்டைவிரல். வெடித்து, தடித்து, கட்டத்தைவிட அகலமாகப் பக்கவாட்டில் பரந்து கிடக்கிறது.

"எழுத்த அடக்கிட்ட. இத என்னா பண்ணுவ மேவிசு?" என்று வேலாயி விரலை நீட்டுகிறார்.

மேவிஸ் அதில் மை தடவுகிறார். அந்த விரலை இரண்டு கையாலும் பற்றி, கட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய், இறக்க மனம் வராமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.