மரல்மா வைக்காத குதிரை

மங்கோலியாவில், அர்வைஹேர் ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையில், பதின்மூன்று வயசு மரல்மாவின் கடிகாரத்தில் மிச்சம் இருந்தது பதினோரு நொடி. போட்டியின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் தலைநகரத்தில் சதுரங்கப் பள்ளி, விடுதி, சாப்பாடு எல்லாம். தோற்றால் திங்கட்கிழமையிலிருந்து அத்தையின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான். போன பனிக்காலத்தில் அவர்கள் ஆடு முந்நூறும் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்துவிட்டன. அவளை மேலே படிக்கவைக்க அப்பன் தாவாசுரெனுக்கு வேறு வழி கிடையாது.

எதிரே டவுன்காரி எனெரெல்.

"என்னடி, ஆட்டை எண்ணிக்கிட்டு இருக்கியா?" என்று வாய்க்குள்ளேயே சீண்டினாள்.

மரல்மா நிமிரவில்லை. எனெரெலின் ராஜா மூலையில் தன் ஆட்களாலேயே அடைபட்டுக் கிடந்தது. குதிரை ஒரு தாவு தாவினால் மேட். அது அவள் கண்ணில் படாமல் இல்லை. கை குதிரைப் பக்கம் போனது. தொடாமலே நின்றது.

அப்பன் கற்றுக்கொடுத்தது பழைய மங்கோலிய ஆட்டம். அதில் குதிரையால் ராஜாவை முடிக்கக் கூடாது, முடித்தால் செல்லாது. கூடாரத்து அடுப்புப் பக்கத்தில் ஏழு வருஷம் அப்படித்தான் ஆடினாள். இங்கே செல்லும் என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சாவகாசமாய் இருந்தால் ஞாபகம் வந்திருக்கும். பதினோரு நொடியில் வந்தது அப்பன் குரல்தான்.

யானையை இழுத்து செக் வைத்தாள். எனெரெல் அதை வெட்டினாள். அடுத்து எதைத் தொடுவது என்று தேடும்போதே கடிகாரம் பூஜ்யத்தில் நின்றது.

கைகுலுக்கும்போது எனெரெல் சிரிக்கவில்லை. "குதிரைய வச்சிருந்தா நான் செத்தேன். ஏன்டி வைக்கல?"

"குதிரையால முடிக்கக் கூடாதுல்ல."

சொன்ன பிறகுதான் மரல்மாவுக்கு உறைத்தது. இங்கே அது செல்லும்.

வெளியே அப்பன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலங்கிக்குள்ளிருந்து காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

"எதுல போச்சு?"

"நேரத்துல போச்சுப்பா."

"நம்ம குதிரை?"

"நல்லா ஆடுச்சு."

நேரம் போய்த்தான் தோற்றாள் என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லட்டும், அது சரியில்லை. அப்பனுக்கு மட்டும் நிஜக் காரணம் தெரிய வேண்டாம் என்று அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். வண்டி அத்தை கடைப் பக்கம் திரும்பியது. கடிக்காத தயிர்க்கட்டியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, அப்பன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.