மெசினின் தண்ணீர் திறந்தாயிற்று, பெரியம்மா

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தார். "அக்கா போயிட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மாவின் மூத்த சகோதரி, எங்கள் பெரியம்மா, இனி லண்டன் மனோர் பார்க் வீட்டுக்குத் திரும்பமாட்டார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் வீட்டார் எல்லோரும் எழுதலாம் என்றார்கள். நான் போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். இந்த அறை எனக்கும் பெரியம்மாவுக்கும் உரியது. அவருடைய கட்டிலைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா எழும்பி வருவாரோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

பெரியம்மா ஊரில் வெங்காயத் தோட்டம் செய்தவர். பெரியப்பா இறந்த பிறகு இறைப்பு மெசினைத் தாமே கயிறு இழுத்து ஓட்டினார். வேலை முடிந்ததும் பம்புக்குள் தண்ணீர் நிரப்பி வைப்பார். அப்போதுதான் மறுமுறை முதல் இழுவையிலேயே நீரைத் தூக்கும். ஷெல் விழுந்து ஊரே ஓடிய அன்றும் அப்படித்தான் செய்தாராம். "ரெண்டு நாளில திரும்பி வந்திடுவம் எண்டுதானே நினைச்சன். தண்ணி விட்டு, சாக்கால மூடிப்போட்டு வந்தனான்" என்பார்.

லண்டனில் பாக்டரி வேலைக்குப் போய்க்கொண்டே, கவுன்சிலிடம் ஒரு தோட்டத்துண்டு வாடகைக்கு எடுத்தார். வேலியோரம் ஓடை ஒன்று இருந்தது. பழைய பெற்றோல் பம்ப் ஒன்றை அவர் வாங்கி வந்த நாளில் அப்பா சிரித்தார்.

"அக்கா, இந்த நாட்டில வானமே இறைக்குது. உங்களுக்கு ஏன் மெசின்?"

"ஆடியில என்ர கத்தரிக்கு உன்ர வானம் வருமோ, தம்பி?"

முதல் குளிர்காலத்தில் ஊர்ப் பழக்கப்படி பம்பில் தண்ணீர் நிரப்பி, கம்பளியால் மூடிக் கொட்டிலுக்குள் வைத்தார். பனி விட்டபின் போய்ப் பார்த்தால் அதன் இரும்பு வயிறு பிளந்திருந்தது. உள்ளே தண்ணீர் உறைந்து பெருத்து வெடித்திருக்கிறது. பெரியம்மா அந்தப் பிளவில் விரலை வைத்தபடி நெடுநேரம் குந்தியிருந்தார். "அங்க தண்ணி விட்டுக் காப்பாத்தினன். இங்க தண்ணி விட்டுச் சாக்காட்டிப்போட்டன்" என்றார்.

அதன்பின் வேறொரு பம்ப் வாங்கினார். குளிர்காலத்துக்கு முன் இந்த நாடே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளும் ஞாயிறுதான் அவருடைய நாள். பம்பின் அடியிலுள்ள அடைப்பைக் கழற்றித் தண்ணீரைத் திறந்துவிடுவார். பெற்றோலை வடிப்பார். குழாயை உதறிச் சுருட்டுவார். மண்வெட்டிகளுக்கு ஒயில் பூசுவார். கழற்றிய அடைப்பு தொலையாதபடி நூலில் கட்டிக் கைப்பிடியில் தொங்கவிடுவார்.

"அக்கா மெசினுக்குத் திவசம் செய்யப் போறா" என்று அப்பா நக்கலடிப்பார்.

"கதையை விட்டுட்டு, நீ வேலை செய்யிற பெற்றோல் செட்டில கழிவு ஒயில் இருந்தால் கொண்டு வா."

அப்பா ஒருபோதும் கொண்டுவர மறந்ததில்லை.

இந்த வருடம் மணிக்கூடு மாறியபோது பெரியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசியாக நான் பார்த்தபோது அவரால் சரியாகப் பேச ஏலவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, "தம்பி, மெசின்ர தண்ணி திறந்தாச்சோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. திறந்தாச்சு."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் தோட்டப்பக்கம் போகவேயில்லை என்பது எனக்குத் தெரியும். பகலும் இரவும் செட்டிலும் ஆஸ்பத்திரியிலுமாக அலைந்தவர் அவர். அப்பா சொன்னதைப் பெரியம்மா நம்பிக்கொண்டே போய்விட்டார்.

செத்தவீடு முடிந்ததும் அம்மா தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். "எட்டுச்செலவு முடியுமட்டும் அக்கான்ர சாமானில ஆரும் கைவைக்கப்படாது" என்றார் அப்பா. அந்த எட்டாம் நாள் படையலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று காலை டிவியில், இரவு கடும் உறைபனி என்றார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஸ்பானருடன் தோட்டத்துக்குப் போனேன். அடைப்பு இறுகியிருந்தது. என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். அது கழன்றதும் தண்ணீர் என் சப்பாத்தின்மேல் கொட்டியது. கோடை முழுவதும் உள்ளே நின்ற தண்ணீர், கறுப்பாக இருந்தது. கடைசிச் சொட்டு விழும்வரை கொட்டிலுக்குள் நின்றேன். திரும்பி வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். ஸ்பானர் இன்னும் என் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. சப்பாத்து கட்டிலுக்கு அடியில் ஈரமாக இருக்கிறது. விடிந்தால் அவர் கேட்பார்.

யன்னல் கண்ணாடியில் வெள்ளையாகப் பனி ஏறிக்கொண்டிருக்கிறது. தோட்டத்துக் கொட்டிலில் உங்கள் மெசின் வெறும் வயிற்றோடு நிற்கிறது. அடைப்பு கைப்பிடியில், நீங்கள் கட்டும் அதே முடிச்சில் தொங்குகிறது. அப்பா உங்களுக்குச் சொன்னது இப்போது உண்மை.

போயிட்டு வாங்கோ, பெரியம்மா.