நீல நங்கூரம் போட்ட சாக்கு

பனியில் நனைந்த சணல் சாக்குக்கு ஒரு வாசம் உண்டு. அதற்குள் முன்பு என்ன இருந்ததோ, நெல்லோ புளியோ, அதுவும் சேர்ந்து மூக்கில் ஏறும். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற எனக்கு இன்று அதன் காரணத்தைச் சொல்லத் தெரியும். ஏழாம் வகுப்பில் தெரியவில்லை.

அப்போது ராமநாதபுரத்தில் பெண்கள் பள்ளி விடுதிக்கு நான் புதிது. தங்கச்சிமடத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். வீட்டில் என்ன தொழில் என்று யாராவது கேட்டால், "எங்கய்யா மூடை ஏத்தி அனுப்புற யாவாரம்" என்று சொல்லிவைத்திருந்தேன். பொய்யில்லை. மூடைக்குள் இருப்பது கருவாடு என்பதை மட்டும் விட்டுவிட்டேன். விட்டதற்குக் காரணம் வைதேகி. திருப்புல்லாணிக்காரி, தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள், சுத்த சைவம். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தவள் அவள்தான்; மத்தியானம் தன் வீட்டுப் புளியோதரையை உருட்டி என் இலையில் வைத்து விரலால் அழுத்தியும் விடுவாள். அந்த இடமும் அந்த உருண்டையும் போய்விடக் கூடாது என்பதுதான் அந்த வயதில் என் முழுக் கவலை.

விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்துக்கு நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். "ஆளுக்கொரு சாக்கு கொண்டாரணும், நல்லாத் துவைச்ச சாக்கு" என்றார் டிரில் டீச்சர். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அய்யா, இருந்ததிலேயே ஓட்டையில்லாத ஒன்றைத் தேடி எடுத்தார். மூலையில் எங்கள் யாவார அடையாளமான நீல நங்கூரம். அம்மா அதைக் கடலில் அலசி, மணலில் தேய்த்து, மறுபடி கடலிலேயே அலசினாள். குடிக்கிற தண்ணீரையே மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு வருகிற ஊரில், சாக்குக்கு நல்ல தண்ணீர் யார் செலவழிப்பார்கள்? காய்ந்ததும் மூவரும் முகர்ந்து பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "பூவாட்டம் இருக்கு" என்றாள் அம்மா.

விழாவுக்கு முந்தின மாலை எல்லாச் சாக்குகளையும் மைதானத்து ஓரத்தில் குவித்துவைத்தார்கள். தை மாதப் பனி இறங்கியது. கடல் உப்பு ஏறிய சணல், காற்றின் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் உள்ளே உறங்கியதெல்லாம் எழுந்து வரும். இது பிற்பாடு படித்தது.

காலையில் டீச்சர், "அவங்கவங்க சாக்குன்னு தேடிட்டு நிக்காதீங்க, கையில வர்றத மாட்டுங்க" என்று விரட்டினார். என் கைக்கு ஒரு நெல் சாக்கு வந்தது. மாட்டிக்கொண்டு பக்கத்தில் பார்த்தால், வைதேகியின் முழங்காலருகே நீல நங்கூரம். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். ஓட்டையில்லாத சாக்கு, இவள்தான் ஜெயிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் அதை நெஞ்சுவரை இழுத்தாள். முகம் கோணியது.

"அய்யோ டீச்சர், உள்ள என்னமோ செத்துக் கெடக்கு!"

உதறிக்கொண்டு வெளியே வரப் பார்த்து, கால் சிக்கி விழுந்தாள். "எலிடி!" என்றாள் ஒருத்தி. "எலியாவது! எங்க வீட்டுச் சட்டியில இதே வாசம்தான், கருவாடுடி!" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. டீச்சர் சாக்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "யாரு சாக்கு இது?" என்றார்.

நான் என் நெல் சாக்கை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டேன். எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெற்றோர் கூட்டத்திலிருந்து, பரிசுக்குப் பெயர் கூப்பிட்டதுபோல ஒரு கை உயர்ந்தது.

"நம்ம சாக்குதான் டீச்சர்! நங்கூரம் பாருங்க. நம்ம புள்ளைக்குக் குடுத்துவிட்டது. அந்தா நிக்குதே, செலினு!"

காலை ரயிலில் வந்திருந்த அய்யா, வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகக் கயிற்றுக்கு அடியில் குனிந்து மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். சாக்கை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லையேம்மா? கடல்லயே ரெண்டு தரம் அலசுனது" என்றார். அவர் மழுப்பவில்லை, அவர் மூக்குக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்பது அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது இன்னும் பெரிய வேடிக்கையாகிவிட்டது.

சிரிப்பை அடக்க டீச்சர் விசிலை ஊதினார். சாக்கு மாட்டியிருந்த எல்லோரும் குதித்துப் போனார்கள். நான் சாக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கோட்டிலேயே நின்றேன். "குதி தாயி, குதி!" என்று அய்யா தொண்டை கிழியக் கத்தினார். அவர் கத்தக் கத்த என் கால் மண்ணில் ஊன்றிப்போனது. அன்று சரியாக நடந்தவற்றைக் கணக்கெடுத்தால், ரிப்பன் அவிழவில்லை, வெள்ளைச் சட்டை அழுக்காகவில்லை, நான் விழவும் இல்லை. ஓடினால்தானே விழ.

சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது அய்யா அந்தச் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "நல்ல சாக்கு, விட்டுட்டுப் போக மனசு வரல" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வைதேகி இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நான் குனிந்து எதையாவது காட்டினால் அவள் புறங்கை மூக்குக்குப் போகும். நான் பார்ப்பது தெரிந்ததும் இறங்கிவிடும். புளியோதரை உருண்டையும் நின்றுவிடவில்லை. முன்பு இலையில் வைத்து அழுத்துவாள். இப்போது மேலேயிருந்து போட்டாள். நானும் தின்றேன்.

இப்போது அந்த மைதானத்தில் பாதி கட்டடமாகிவிட்டது. சாக்கு ஓட்டத்துக்குப் பள்ளியே புதுச் சாக்கு வாங்கி வைத்திருக்கிறதாம். போன மாதம் மதுரையிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். தங்கச்சிமடம் ஸ்டேஷனில் கால் வைத்ததும் காற்று முகத்தில் அறைந்தது. பிறந்து வளர்ந்த அத்தனை வருடமும் எனக்குத் தெரியாமலே இருந்த வாசம். கைப்பையைத் திறந்ததுகூட நினைவில்லை. கைக்குட்டை மூக்கில் இருந்தது.

எதிரே அய்யா நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தாயி, சளி புடிச்சிருக்கா?"

"ஆமாய்யா" என்றேன்.

"பனிக்காலமில்ல, அதான்" என்று சொல்லித் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, என் தலையைச் சுற்றி, காதும் மூக்கும் மூடும்படி இறுக்கிக் கட்டிவிட்டார். வீடு வரும்வரை நான் அதை அவிழ்க்கவில்லை.