சாட் சேர்வரும் நானும் ஒன்றாக விழுந்த கிழமை

1. கலியாணக் குரூப்புக்குப் போன ரிப்போர்ட்

எங்கள் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குச் சொந்தமாக ஒரு சாட் சேர்வர், அதாவது எங்களுக்குள் செய்தி அனுப்பும் கணினி, வந்ததற்குக் காரணம் ஒரு மலப் பரிசோதனை ரிப்போர்ட். புத்தூர்க் கிளையில் வேலை செய்த பெண் அதைக் கைபேசியில் படம் பிடித்தாள். எங்கள் வேலைக் குரூப்புக்கு அனுப்புவதாக நினைத்துத் தன் மச்சாளின் கலியாணக் குரூப்புக்கு அனுப்பிவிட்டாள். கூறைச் சேலைப் படங்களுக்கு நடுவே, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் பெயரும் வயதும், அவர் வயிற்றில் குடியிருந்த புழுவின் பெயரும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு பேர் அதற்கு இதயக்குறி வேறு போட்டிருந்தார்கள்.

மறுநாள் அதிபர் கொக்குவிலில் இருந்த எங்கள் தலைமைக் கந்தோருக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை.

"டொக்டர், என்ரை வயித்துக்கை இருக்கிறது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதாதோ?"

அவர் போனதும் நிலையத்தின் சொந்தக்காரரான டொக்டர் என்னைக் கூப்பிட்டார். அங்கே கணினிகளைப் பார்க்கிற ஒரே ஆள் நான்.

"நேசன், இனி ரிப்போர்ட் எல்லாம் எங்கடை கட்டிடத்துக்கை, எங்கடை மெசினிலைதான் இருக்க வேணும். உம்மாலை ஏலுமோ?"

"ஓம் டொக்டர்" என்றேன். ஏலுமா என்பது எனக்கே தெரியாது.

2. கொப்பி

இரண்டு கிழமை தலையைப் பிய்த்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டளையையும் என் கையாலேயே அடித்து, சேர்வரை எழுப்பினேன். கொக்குவில், புத்தூர், உடுப்பிட்டி மூன்று இடங்களும் அதிலேயே கதைக்கத் தொடங்கின. செய்ததை எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வந்து அப்டேட் போடுவேன், பழைய படங்களை அழிப்பேன், எல்லாவற்றுக்கும் பக்கப் என்ற மாற்றுப் பிரதி எடுப்பேன். அந்த நேரம் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

"அண்ணை பூசைக்குப் போயிட்டார். மணிச் சத்தம் கேட்டால் சொல்லுங்கோ, திருநீறு வாங்க வாறன்" என்பார் ரஜனி மிஸ். பரிசோதனைகளுக்குப் பொறுப்பானவர் அவர். ஒருநாள் நேராகவே கேட்டார்.

"அண்ணை, உதெல்லாம் தானா நடக்கிற மாதிரிச் செய்யேலாதோ?"

"இது அனுபவத்திலை வாற வேலை மிஸ்."

அது பொய். தானாக நடக்கச் செய்யலாம் என்று எனக்குத் தெரியும். தானாக நடந்தால் நான் எதற்கு என்ற பயம்தான் உண்மை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. டொக்டர் தினமும் காலையில் ஒரு தாமரைப்பூப் படத்தோடு வணக்கம் சொல்லுவார். மரியாதைக்காக ஊழியர்கள் அதைவிடப் பெரிய பூவைத் திருப்பி அனுப்புவார்கள். அவ்வளவு பூவும் சேர்வரின் டிஸ்கில்தான் விழுந்தன. முதலாளியிடம் பூ அனுப்பாதீர்கள் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நான் பின்னால் நின்று அந்தப் பூக்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன்.

3. காய்ச்சல்

ஒரு மாரி காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காலை உடுப்பிட்டியில், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கிளையிலேயே இரத்தம் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். அது கொக்குவிலுக்குப் போய், பரிசோதித்து, முடிவு சாட்டில் உடுப்பிட்டிக்கு வரவேண்டும். அவர்கள் என் மனைவி மாலாவுக்குச் சொல்ல வேண்டும்.

நான் படுத்திருந்த கிழமை படங்களை அழிக்க ஆளில்லை. அன்று காலை டிஸ்க் நிறைந்து, சேர்வர் நின்றுவிட்டது. என் முடிவை அனுப்பிய பரிசோதகர் அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த குழாயை எடுத்துவிட்டார். செய்திக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மணிக்கூட்டுக் குறி சுற்றிக்கொண்டே இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்தச் செய்தி கொக்குவிலை விட்டுக் கிளம்பவே இல்லை.

அவசர முடிவு வந்தால் கிளையிலிருந்து "பார்த்தாச்சு" என்று பதில் வரும். பின்னேரம் ரஜனி மிஸ் அன்றைய பட்டியலைப் பார்த்தார். என் பெயருக்கு நேரே பதில் இல்லை. உடனே உடுப்பிட்டிக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார். அங்கே காலையிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த அழைப்பு எனக்கு.

"அண்ணை, ரஜனி கதைக்கிறன். உங்கடை பிளேட்லெட் மோசமாக் குறைஞ்சிருக்கு. சேர்வரும் விழுந்திட்டுது."

"சேர்வர் எப்ப விழுந்தது?" என்று கேட்டேன்.

மாலா கைபேசியைப் பறித்தாள். "மிஸ், இவரோடை கதைச்சுப் பிரயோசனம் இல்லை. என்ன செய்ய வேணும் எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

அரை மணித்தியாலத்தில் ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்தேன். "இன்னும் ஒரு நாள் வீட்டிலை கிடந்திருந்தால்..." என்று தொடங்கிய வார்ட் டொக்டர், மாலாவின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிவிட்டார். மாலா யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. நான் காலமெல்லாம் பெருமைப்பட்ட வேலை என்னையே கொண்டுபோகப் பார்த்தது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

மறுநாள் ரஜனி மிஸ் சேர்வருக்கு முன்னால் கொப்பியோடு இருந்துகொண்டு அழைத்தார்.

"அண்ணை, 'டிஸ்க் நிறைந்தால்' எண்டு தலைப்புப் போட்டிருக்கிறியள். கீழை ஒரே ஒரு வரி."

"என்ன வரி?"

"'வழமைபோல் செய்யவும்.'"

ஒரு கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி, நினைவிலிருந்து ஒரு கட்டளையைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். பிறகு நிறுத்தினார்.

"அண்ணை, இதுக்குள்ளை 'பக்கப்' எண்டு ஒரு சொல் கிடக்கு. பக்கப்பையோ அழிக்கச் சொல்லுறியள்?"

கட்டிலில் எழும்பி இருந்தேன். "அழுத்திப் போட்டீங்களோ?"

"இல்லை. கேட்டிட்டுத்தான் அழுத்துவன். நீங்கள் படுங்கோ."

நான் வீடு திரும்பும்வரை அவர்கள் சேர்வரைத் தொடவில்லை. ஒவ்வொரு முடிவையும் ரெலிபோனில் இரண்டு தரம் வாசித்தார்கள். ஒன்றும் தவறவில்லை.

4. கையைக் கட்டிக்கொண்டு இருந்தது

வேலைக்குத் திரும்பிய அன்று டொக்டர் சொன்னார்: "நீர் நூறு வயசு இருக்கோணும். ஆனால் சேர்வர் உம்மடை பிளேட்லெட்டை நம்பி ஓடக் கூடாது."

பிளேபுக் எழுதத் தொடங்கினேன். எதை, எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்று கணினிக்கே விளங்கும்படி எழுதும் கோப்பு அது. ஒரு கட்டளை கொடுத்தால் வெறும் கணினி ஒன்று முழுச் சேர்வராக எழும்ப வேண்டும். சோதனைக்கு ரஜனி மிஸ் ஒரு நிபந்தனை போட்டார். "நான் ஓட்டுவன். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கதிரையிலை இருக்க வேணும். வாயும் திறக்கக் கூடாது."

முதல் தடவை மூன்றாம் படியிலேயே நின்றது. எப்போதோ நான் கையால் மாற்றிவிட்டு மறந்த ஒரு அமைப்புத்தான் காரணம். அடுத்த தடவை பாஸ்வேர்ட் கேட்டது. அது என் தலைக்குள் மட்டும் இருந்தது. "தலையையும் பக்கப் எடுத்து வையுங்கோ அண்ணை" என்றார் மிஸ். மூன்றாம் தடவை சேர்வர் எழும்பியது. ஆனால் பக்கப்பைத் திறந்தால், ஏழு மாதத்துக்கு முந்திய செய்திகளோடு அது நின்றுபோயிருந்தது. எடுத்துக்கொண்டே இருந்தேன், ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

"அப்ப அண்டைக்கு அழிச்சிருந்தாலும் பெரிய நட்டமில்லை" என்று ரஜனி மிஸ் என்னை ஆறுதற்படுத்தினார்.

ஏழாம் தடவை, அவர் ஒரு கட்டளை அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் சேர்வர் எழும்பி நின்றது. நேற்றைய செய்திகள் வரை எல்லாம் உள்ளே இருந்தன. நான் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

பிறகு அப்டேட்டும் பக்கப்பும் நேரத்துக்குத் தானாக ஓடும்படி செய்தேன். கிழமைக்கு ஒரு தரம் பக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பதும் தானாக நடக்கும். ரிப்போர்ட் அல்லாத பழைய படங்கள் தாமாக அழியும். டிஸ்க் நிறையத் தொடங்கினால் மூன்று பேரின் கைபேசிக்கு எச்சரிக்கை வரும். அதில் ஒருவர் டொக்டர். முதல் எச்சரிக்கை வந்ததும் வெளியே வந்தார்.

"ஆர் இவ்வளவு படம் அனுப்பிறது?"

ரஜனி மிஸ் படம் அனுப்பியவர்களின் பட்டியலைத் திரையில் எடுத்து அவர் பக்கம் திருப்பினார். முதல் பெயரை வாசித்துவிட்டு டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த நாளிலிருந்து வணக்கம் எழுத்தில் மட்டும் வந்தது.

ஒன்றை மட்டும் தானியங்கி ஆக்கவில்லை. அவசர முடிவுக்குக் கால் மணித்தியாலத்தில் பதில் வராவிட்டால் ஒரு மனிதர் ரெலிபோன் எடுக்க வேண்டும். என்னை அன்று காப்பாற்றியது எந்தச் சேர்வரும் அல்ல. பதில் வரவில்லையே என்று யோசித்த ஒரு ஆள்.

5. ஞாயிற்றுக்கிழமை

அதன்பின் மாலாவோடு திருகோணமலைக்கு நாலு நாள் போனேன். ஞாயிற்றுக்கிழமை அப்டேட் ஓடவேண்டிய நாள். கடற்கரையில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் நானே எடுத்தேன்.

"மிஸ், அப்டேட் ஓடினதோ?"

"பொறுங்கோ பாக்கிறன்... ஓம், விடியவே முடிஞ்சிருக்கு. ஏன் அண்ணை, ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

என் முகத்தைப் பார்த்து மாலா என்னவென்று கேட்டாள். ஒருவரும் என்னைத் தேடவில்லை என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொருவர் உங்கள் கதிரையில் இருந்து, உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்து முடிக்கும்வரை அந்த வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். என்னை ஒருவரும் தேடாத அந்த நாள்தான் நான் உருப்படியாக வேலை செய்த நாள் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.