முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பதில்கள்

திங்கட்கிழமை காலை முதலாளி நாச்சிமுத்து கூப்பிட்டனுப்பியபோது, ஜெயபாரதி கையிலிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். திருப்பூர் அவிநாசி சாலையில் இருக்கும் அந்தப் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் அவளுக்குப் பதினாறாவது வருடம். இப்போது கம்ப்ளையன்ஸ் மேனேஜர். ஓவர்டைம் சரியாகப் போகிறதா, ஹாஸ்டலில் கழிப்பறை போதுமா என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஆடிட்டர்கள் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது அவள் வேலை.

"உக்காருங்க பாரதி," என்றார் நாச்சிமுத்து. "நாலு யூனிட்டுக்கும் சேத்து ஒரே ஹெட்டாப் போடலாம்னு இருக்கறனுங்க. நீங்கதான்னு என் மனசுல. ஆனா பேருக்கு முன்னால டாக்டர்னு இருந்தா வெளிநாட்டுப் பையர்கிட்ட ஒரு மதிப்பு. நம்ம இசக்கிமுத்து ஒரே வருஷத்துல வாங்கிட்டாரு பாருங்க. லீவு போட்டுப் போகோணும்னு இல்ல, எல்லாம் கம்ப்யூட்டர்லயே. பீஸ கம்பெனி கட்டிரும். அதுலயே நீங்களும் சேந்துட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

சேராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை. அந்த இடம் ஹெச்ஆர் மேனேஜர் இசக்கிமுத்துவுக்குப் போகும்.

டாக்டர் பட்ட ஆசை ஜெயபாரதிக்கு முதலாளி சொல்லி வந்ததல்ல. எம்பிஏவைத் தபால் வழியில்தான் படித்தாள். கடைசிப் பரீட்சையை எட்டு மாத வயிற்றோடு எழுதினாள். அதன்பிறகு ஒரு கேள்வி அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆடிட்டர் தனியாக உட்கார வைத்துக் கேட்கும்போது எல்லாத் தொழிலாளிப் பெண்களும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "ஒரு கொறையும் இல்லீங்க." அடுத்த மாதமே அவர்களில் பத்துப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போயிருப்பார்கள். பதினோரு வருட ஆடிட் கோப்புகளில் அதற்கான காரணம் ஒரு வரி கூடக் கிடையாது. அதை ஒழுங்காக ஆராய வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

வேலையை விடாமல் தொலைநிலையில் படிக்கத் தோதான தொழில்சார் டாக்டர் படிப்பு ஒன்றை அவளே ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். சென்னையில் ஒரு மேலாண்மைக் கல்லூரி நடத்துவது. ஞாயிறுதோறும் ஆன்லைன் வகுப்பு, வருடத்துக்கு மூன்று முறை நேரில் போக வேண்டும், குறைந்தது நான்கு வருடம். அங்கிருந்த பேராசிரியை ஒருவர் போனில் முக்கால் மணி நேரம் அவளைக் குடைந்து எடுத்திருந்தார். "இத வச்சு காலேஜ்ல வாத்தியார் வேலைக்குப் போக முடியாதும்மா, அதுக்குப் பிஹெச்டிதான். இது உங்க தொழில்ல இருக்கிற ஒரு பிரச்சனைய ஆராயறதுக்கு. பாதிப் பேர் நடுவுல நின்னுடறாங்க, அதையும் சொல்லிடறேன்," என்றார். சேருவதானால் வேலை செய்யும் இடத்திலேயே ஆராய்ச்சி செய்ய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும். கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி.

செவ்வாய்க்கிழமை முழுவதும், முதலாளி சொன்ன, இசக்கிமுத்து பட்டம் வாங்கிய நிறுவனத்தின் ஆலோசகர் அழைத்துக்கொண்டே இருந்தார். இன்னும் இரண்டு இடம்தான் என்றார். ஒரு மணி நேரம் கழித்து ஒரே இடம்தான் என்றார்.

"ஆராய்ச்சிக்கு யாருங்க வழிகாட்டி?" என்று கேட்டாள்.

"அதப் பத்தி நீங்க கவலப்படவே வேணாம் மேடம். எல்லாம் நாங்க பாத்துக்கறோம். உங்க பீல்டுலயே ஒரு சாம்பிள் தீசிஸ் அனுப்பறேன், பாருங்க. எவ்வளவு ஈசின்னு தெரியும்."

வீட்டில் கணவர் அர்த்தநாரியிடம் சொன்னாள். திருப்பூர் ராயபுரத்தில் சிறிய லேபிள் பிரிண்டிங் வைத்திருப்பவர். "ஊரே அப்பிடித்தான் வாங்குது. பேருக்கு இத வாங்கிக்க, படிக்கறத அப்பறமாப் படிச்சுக்க," என்றார். தப்பாக ஒன்றும் அவர் சொன்னதாக அவளுக்கும் தோன்றவில்லை. கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டாள்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் அந்த சாம்பிளைத் திறந்தாள். எழுதியவர் பெயர் இருந்த பக்கத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே, திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் இரண்டாம் யூனிட் என்று இருந்தது. நாலு தையல் லைன், பின்பக்கம் கேன்டீன், ஒட்டி ஹாஸ்டல். வாசிக்க வாசிக்க அது அவள் யூனிட். முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களைக் கேன்டீனில் நேரில் சந்தித்து எடுத்த பேட்டிகள்; தொண்ணூற்று நாலு சதவீதம் பேர் மனநிறைவுடன் இருக்கிறார்கள். பேட்டி எடுத்த நாட்கள், இரண்டாயிரத்து இருபது ஏப்ரல் ஆறு முதல் பதினெட்டு வரை.

அவள் தேதியை மறுபடி வாசித்தாள். அந்த ஏப்ரலில் ஊரடங்கு. யூனிட் பூட்டிக் கிடந்தது. ஹாஸ்டலில் மாட்டிக்கொண்ட அறுபத்து நாலு ஒடிசாப் பெண்களுக்கு அரிசி கொண்டுபோய்ச் சேர்க்க, கையில் பாஸ் வைத்துக்கொண்டு தினமும் அந்த வாசலைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான்.

தொண்ணூற்று நாலு என்ற அந்த எண்ணை அவள் வேறு இடத்திலும் பார்த்திருந்தாள். இருபதாம் தேதி வரப்போகும் வாடிக்கையாளருக்காகத் தயாரான அறிக்கையின் பதினோராம் பக்கத்தில், முனைவர் இசக்கிமுத்துவின் ஆய்வு முடிவு என்று போட்டிருந்தது. அந்த அறிக்கையில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்.

வியாழக்கிழமை காலை டீ நேரம் முடிந்து கேன்டீன் காலியானதும், இசக்கிமுத்துவின் எதிரே போய் உட்கார்ந்து செல்போனை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தார்.

"யாருட்டயும் சொன்னீங்களா மேடம்?"

"இல்லீங்க சார்."

"அவங்களே நெரப்பிக் குடுத்துட்டாங்க. ஆளுக எத்தன பேருன்னு மட்டுந்தான் நான் சொன்னேன். தேதியக்கூட நான் பாக்கல." டீ கிளாஸை நகர்த்தி நகர்த்தி வைத்தார். "தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும்போது எனக்குப் பத்தொம்பது வயசு. பிசிறு வெட்டுத வேலை. மேனேஜர்னு போர்டு மாட்டுன பொறவும், முதலாளி வீட்டு ஆளுக வந்தா 'தம்பி, டீ சொல்லு'ம்பாங்க. டாக்டர்னு போட்ட அன்னிக்கு எந்திரிச்சு நின்னு வணக்கம் சொன்னாங்க. எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்."

"எனக்கு அது புரியுதுங்க. ஆனா நாளைக்கு அந்தக் கணக்குல கையெழுத்துப் போடறது நானுங்க."

"நீங்க சொன்னா என் வேலை போயிரும். அந்தப் போஸ்ட் உங்களுக்கு வரும். அதுக்குத்தான் சொன்னீங்கன்னு எல்லாரும் பேசுவாங்க." மிரட்டலாகச் சொல்லவில்லை. களைத்த குரலில் சொன்னார்.

"அதையுந்தானுங்க நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன்."

வெள்ளிக்கிழமை அவள் முதலாளி அறைக்குப் போனபோது இசக்கிமுத்து ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"சேந்தாச்சுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"இல்லீங்க சார். வேற ஒண்ணுல சேரலாம்னு இருக்கறேன். நாலு வருஷம் ஆகுங்க. நம்ம கம்பெனியில ஆராய்ச்சி பண்ண உங்க சம்மதக் கடிதம் வேணுங்க."

"நாலு வருஷமா? பையர் இருவதாந்தேதி வர்றாருங்க." அவள் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தை வாசித்தார். "நம்ம கொறைய நாமளே எழுதி வெளிய குடுக்கறதுங்களா?"

"கம்பெனி பேரு எங்கயும் வராதுங்க. ஆளுக ஏன் நிக்கறதில்லைன்னு நமக்கே தெரியாதுங்களே சார்."

அவர் கடிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அறிக்கையை அவள் முன் வைத்தார். "முதல்ல இதுல போடுங்க."

ஜெயபாரதி பேனாவை எடுக்கவில்லை. "பதினோராம் பக்கத்துக்கு என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க. அந்தக் கணக்குக்கு எங்கிட்ட ஆதாரம் இல்லீங்க."

இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடப் பேசுவதில்லை என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். பிறகு இசக்கிமுத்துவைப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்த எடுத்துருங்க சார்," என்றார் இசக்கிமுத்து. "அந்தக் கணக்கு நிக்காது."

"நிக்காதுன்னா?"

"ஏப்ரல்ல பேட்டி எடுத்ததாப் போட்டிருக்கு. அப்ப யூனிட் பூட்டியில்லா கெடந்துச்சு."

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க," என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. கடிதம் வரவில்லை. மதியம் இரண்டானது, மூன்றானது. போய்க் கேட்கலாமா என்று இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்தாள். நாலே காலுக்கு நாச்சிமுத்துவே அவள் மேசைக்கு வந்தார். கடிதத்தில் கையெழுத்து இருந்தது. கம்பெனி பெயர் எங்கும் வரக்கூடாது என்று தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்.

"பீஸ் உங்களோடதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாலு ஐம்பதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அறிக்கை பதினோராம் பக்கம் இல்லாமலே வாடிக்கையாளரிடம் போனது. ஹெட் பதவி ஆறு மாதம் காலியாகக் கிடந்து, பிறகு கோயமுத்தூரிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. இசக்கிமுத்துவின் வேலை போகவில்லை. ஆனால் அடுத்த வாரமே அவர் கதவுப் பெயர்ப்பலகையிலிருந்து 'டாக்டர்' காணாமல் போயிருந்தது. வேலை விஷயம் தவிர அவர் அவளிடம் இன்றுவரை பேசுவதில்லை. அவரை அவள்தான் கவிழ்த்தாள் என்று ஆபீசில் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் வந்தது. யாரிடமும் அவள் விளக்கம் சொல்லப் போகவில்லை.

இப்போது அவளுக்கு இரண்டாம் வருடம். கூடச் சேர்ந்த பதினாலு பேரில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். அவளும் ஒருமுறை நின்றுவிடலாம் என்று கடிதம் எழுதி, அனுப்பாமல் விட்டாள். போன மாதம் முதல் அத்தியாயம் திரும்பி வந்தது. ஓரத்தில் பேராசிரியை எழுதியிருந்தார்: "இவை ஆடிட்டர் கேட்கும் கேள்விகள். வேறு யாராக இருந்து கேட்பீர்கள்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும், கழுத்து அடையாள அட்டையும் நோட்டும் இல்லாமல் ஹாஸ்டலுக்குப் போய், துணி காயப்போடும் பெண்கள் நடுவே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தியும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தேதி போட்டு, யாரும் எதுவும் சொல்லவில்லை என்றே எழுதி வைத்தாள். அடுத்த வாரமும் போனாள்.